கடல் தாண்டிய கால்கள் (9): பெல்கிரேடிலிருந்து வந்த கோச்

சென்ற வாரம் ஹெல்சிங்கி மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். 1952 ஜூலை 15. ஒலிம்பிக் கால்பந்து, முதல்நிலைச் சுற்று. எதிரே யூகோஸ்லாவியா. இந்திய அணியில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு இறங்குகிறார்கள்.

முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1.

அந்த ஒரு கோலை ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தவர் பெங்களூரின் அகமது கான். பத்து கோல் வாங்கிய பிறகும் பந்தைத் தேடி ஓடிய அவருடைய காலை நான் மதிக்கிறேன். இது ஏதோ சோப்ளாங்கி அணி என்று நினைத்துவிடாதீர்கள். ஓராண்டுக்கு முன்பு, 1951-இல், டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை ஒரு கோலில் வீழ்த்தித் தங்கம் வென்ற நாடு இது. கேப்டன் சைலன் மன்னா. கோச், ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். ஆசியாவின் சாம்பியன்தான் ஹெல்சிங்கியில் பத்து வாங்கியது. ஈரான் என்ற பெயரை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அந்த அணி மறுபடியும் எதிரே வந்து நிற்கும்.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் இருப்பது இரும்பையில். இங்கிருந்து வடக்கே கழுவெளி ஏரியைத் தாண்டிப் போனால் மரக்காணம் உப்பளம். வாரியோடு பாத்தியில் நிற்கிறவர்களின் பிள்ளைகள் கோடையில் காய்ந்த தரையில் பந்தடிப்பதைப் பார்க்கலாம். உப்புப் பூத்த மண்ணில் பழகிய கால் அது. பந்தை அது வாங்கும் விதமே தனி. பூட்ஸ் போட்டு வளர்ந்த பையன் அரை நொடி தடுமாறும் இடத்தில், வெறுங்கால் பையன் பந்தை மெத்தென்று நிறுத்திவிடுவான். ஆனால் எதிரே பூட்ஸ் போட்ட கால் முழு வேகத்தில் வந்தால் வெறுங்கால் தானாகப் பின்வாங்கும். அது கோழைத்தனம் இல்லை, எலும்பின் புத்தி. ஹெல்சிங்கியில் நம்மவர்களுக்கு அதுதான் நடந்தது. அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

எதிரணியும் சாதாரணமானது அல்ல. அடுத்த சுற்றில் அதே யூகோஸ்லாவியா சோவியத் யூனியனோடு 5-5 என்று டிரா செய்தது. மறுஆட்டத்தில் 3-1 என்று வென்றது. டிட்டோவும் ஸ்டாலினும் முகத்தில் விழிக்காத காலம் அது. அந்த வெற்றி பெல்கிரேடில் எப்படிக் கொண்டாடப்பட்டிருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். கடைசியில் புஷ்காஷின் ஹங்கேரியிடம் மட்டும் 0-2 என்று தோற்று வெள்ளி வாங்கியது. இந்தியாவுக்கு எதிராக பிராங்கோ செபெட்ஸ் நான்கு கோல் அடித்தார். கோல் அடித்த இன்னொருவர் ராய்கோ மிதிச். இன்று பெல்கிரேடில் ரெட் ஸ்டார் கிளப்பின் ஸ்டேடியமே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த மிதிச்சின் கிளப்புக்கு 1954-இல் ஒரு கோச் பொறுப்பேற்றார். வயது முப்பத்தாறு. ஆட்டக்காரராகத் தொடங்கி கோச்சானவர். முப்பது ஆண்டுகள் கழித்து, மிதிச் கோல் அடித்த அதே இந்தியாவுக்கு அவர் வந்து சேர்வார் என்று 1954-இல் யாராவது சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார்.

அவரிடம் போவதற்கு முன் மெல்போர்னுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

* * *

1956 டிசம்பர். ஹெல்சிங்கியின் காயம் நான்கு ஆண்டு பழையது. ரஹீம்தான் இப்போதும் கோச். பூட்ஸ் போட்டாயிற்று. ஹைதராபாத்தின் பலராம், வங்காளத்தின் பி.கே. பானர்ஜி, கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் என்று புதிய தலைமுறை ஒன்று வந்துவிட்டது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் வளர்ந்த தங்கராஜை நம் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

காலிறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று அடித்தார்கள். நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதி. எதிரே யார்? யூகோஸ்லாவியாவேதான்.

முதல் பாதியில் கோல் இல்லை. நான்கு ஆண்டுக்கு முன் பத்து கோல் அடித்த நாட்டை நாற்பத்தைந்து நிமிடம் பூட்டி வைத்தது இந்தியா. இடைவேளை முடிந்து ஏழாவது நிமிடம், ஆட்டத்தின் 52-ஆவது நிமிடம், நெவில் டிசூசா பந்தை வலைக்குள் தள்ளினார். இந்தியா 1, யூகோஸ்லாவியா 0. ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கும் நமக்கும் இடையே இன்னும் நாற்பது நிமிடம்கூட இல்லை.

முன்னிலை இரண்டே நிமிடம் நின்றது. பாபெட்ஸ் சமன் செய்தார். அடுத்த சில நிமிடத்தில் தோதோர் வெசெலினோவிச் இரண்டாவது கோல். மறுபடி பாபெட்ஸ். நான்காவது நம்மவர் காலில் பட்டே உள்ளே போனது. 4-1. பிறகு வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் அதுதான், இன்று வரைக்கும்.

வெசெலினோவிச்சைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தத் தொடரின் தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். செர்பியாவின் நோவி சாத் நகரத்துக்காரர். வொய்வோதினா கிளப்பின் கோல் இயந்திரம். யூகோஸ்லாவியாவில் அப்போது ஒரு விதி இருந்தது. 28 வயது ஆகும் வரை ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போக முடியாது. அதனால் அந்நாட்டுக் கால்கள் பாதி உழைத்து முடித்த பிறகுதான் கடல் தாண்டின. வெசெலினோவிச் முப்பது வயதைத் தொட்ட பிறகே இத்தாலியில் சாம்ப்டோரியாவுக்கும், பின்னர் வியன்னாவுக்கும் பெல்ஜியத்துக்கும் போய் ஆடினார். கோச்சானதும் கொலம்பியா வரைக்கும் போனார். துருக்கியில் ஃபெனர்பாஹ்சே கிளப்புக்கு இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதில் 1988-89 பருவத்தில் அந்த அணி அடித்த கோல்கள் 103. இஸ்தான்புல்லில் அந்த எண்ணை இன்றும் சொல்லிக் காட்டுவார்கள்.

முப்பதைத் தொட்ட ஆட்டக்காரனுக்கு வெளிநாட்டில் ஆட இரண்டு மூன்று பருவம்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு அவனிடம் இருப்பது மொழியும், அறிமுகங்களும், ஆட்டத்தைப் பற்றிய அறிவும். அதனால்தான் யூகோஸ்லாவியாவிலிருந்து ஆட்டக்காரர்களைவிட கோச்சுகள் அதிகம் கிளம்பினார்கள் என்பது என் கருத்து. 1961-இல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு கூடியபோது டிட்டோ, நேரு, நாசர், என்க்ருமா, சுகர்ணோ ஆகியோர் ஒரே அரங்கில் அமர்ந்தார்கள். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பெல்கிரேடிலிருந்து பொறியாளர்கள் போனார்கள், மருத்துவர்கள் போனார்கள், கால்பந்து கோச்சுகளும் போனார்கள். மொராக்கோவை 1970 உலகக் கோப்பைக்கும் ஸயரை 1974 உலகக் கோப்பைக்கும் அழைத்துப் போன பிளாகோயே விதினிச் யூகோஸ்லாவியர்தான். மெக்சிகோ, கோஸ்டா ரிகா, அமெரிக்கா, நைஜீரியா, சீனா என்று ஐந்து நாடுகளை ஐந்து உலகக் கோப்பைகளில் வழிநடத்திய போரா மிலுதினோவிச் செர்பியர்.

அந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் 1954-இல் ரெட் ஸ்டாருக்கு வந்த அந்த மனிதரிடம் திரும்புகிறோம்.

* * *

மிலோவான் சிரிச். 1918-இல் பிறந்தவர். பிறந்த ஊர் நிஷ். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் பிறந்த அதே பழைய நகரம். சிரிச் பிறந்தபோது முதல் உலகப் போர் முடியவில்லை. ஊர் பல்கேரியப் படையின் பிடியில் இருந்தது.

ரெட் ஸ்டாரில் அவர் கையில் கிடைத்த அணியைப் பாருங்கள். ராய்கோ மிதிச் அனுபவத்தின் உச்சியில். இன்னொரு பக்கம் இருபது வயதுகூட ஆகாத டிராகோஸ்லாவ் ஷெகுலாராட்ஸ், பந்தை வைத்துக்கொண்டு கூட்டத்தையே மயக்கும் பையன். இந்த இரண்டு தலைமுறையையும் ஒரே அணிக்குள் பொருத்துவது எளிய வேலை இல்லை. 1955-56-இல் லீக் பட்டம். 1956-57-இல் மறுபடியும் லீக் பட்டம். அதே பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. அந்தப் போட்டி தொடங்கி அப்போது இரண்டாவது ஆண்டுதான் ஆகியிருந்தது.

1957 ஏப்ரல். எதிரே இத்தாலியின் ஃபியோரென்டினா. முதல் ஆட்டம் பெல்கிரேடில். சொந்த மைதானத்தில் டிராவாவது ஆகிவிடும் என்று எல்லோரும் இருந்தபோது, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கும் நிலையில் ஃபியோரென்டினா ஒரு கோல் அடித்தது. ஃப்ளோரன்ஸில் நடந்த மறுஆட்டம் 0-0. அந்த ஒரே கோலில் சிரிச்சின் இறுதிப் போட்டி போயிற்று.

ஃபியோரென்டினாவின் கோச் ஃபுல்வியோ பெர்னார்டினி. சிரிச் 1957-இல் பெல்கிரேடை விட்டு ரோமுக்குப் போய் லாட்சியோ கிளப்பின் பொறுப்பை ஏற்றார். ஒரு பருவம்தான். 1958-இல் அந்த நாற்காலிக்கு வந்து அதே ஆண்டு லாட்சியோவுக்கு இத்தாலியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே பெர்னார்டினி. கோச்சுகளின் வாழ்க்கையில் இப்படி ஒருவரே இரண்டு முறை குறுக்கே வருவதுண்டு. சிரிச் ரெட் ஸ்டாரை விட்டுப் போன மறுபருவம், 1958 பிப்ரவரியில், அந்த அணியோடு பெல்கிரேடில் 3-3 என்று ஆடிவிட்டுத் திரும்பிய மான்செஸ்டர் யுனைடெட் அணியின் விமானம்தான் மியூனிக்கில் விழுந்து நொறுங்கியது. அந்தத் துயரம் தனி அத்தியாயம் கேட்கும்; இன்னொரு வாரம் பார்க்கலாம்.

கால் நூற்றாண்டைத் தாண்டிக் குதிக்கிறேன். 1984. சிரிச்சுக்கு அறுபத்தாறு வயது. பெரும்பாலானவர்கள் பேரப்பிள்ளைகளோடு உட்காரும் வயது. அவர் இறங்கியது கல்கத்தாவில்.

* * *

அந்தக் கல்கத்தா எப்படி இருந்தது?

1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பி.கே. பானர்ஜி தயார் செய்த இந்திய அணி காலிறுதியில் சவுதி அரேபியாவிடம் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றிருந்தது. மெல்போர்னில் வெசெலினோவிச்சின் அணியை எதிர்த்து ஆடிய அதே பி.கே.தான். 1983 ஜூன் 25-இல் லார்ட்ஸில் கபில் தேவ் உலகக் கோப்பையைத் தூக்கினார். நாடே கிரிக்கெட் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் மோதும் நாளில் மட்டும் கல்கத்தா தன் பழைய கடவுளை மறக்கவில்லை. ஆனால் கிளப்புக்காக உயிரை விடும் அந்தக் கூட்டம் நாட்டு அணிக்குப் பெரிதாக எதையும் கேட்டதில்லை. கிளப் ஆட்டம் ஒரு பக்கம், தேசிய முகாம் ஒரு பக்கம் என்று ஆட்டக்காரர்கள் இழுபட்டார்கள்.

சம்மேளனம் 1982-இல் நேரு கோப்பையைத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு அணிகளை வரவழைத்து நம்மவர்களை அவர்களோடு ஆட வைக்க வேண்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம் என்றே சொல்வேன். 1984 ஜனவரியில் மூன்றாவது நேரு கோப்பை கல்கத்தாவில் நடந்தது. வந்த அணிகளில் ஒன்று அர்ஜென்டினா.

பெயருக்கு அனுப்பிய இரண்டாந்தர அணி அல்ல அது. கோச் கார்லோஸ் பிலார்டோ. கோல்கீப்பர் நெரி பும்பிடோ. நடுவே ஹோர்ஹே புர்ருச்சாகா. முன்னால் ரிகார்டோ கரேகா. மரடோனா பார்சிலோனாவில் இருந்ததால் வரவில்லை. இரண்டரை ஆண்டு கழித்து மெக்சிகோவில் உலகக் கோப்பையை வென்ற அணியின் எலும்புக்கூடு கல்கத்தாவில்தான் நடமாடியது. 1986 இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் இதே புர்ருச்சாகா.

அந்த அர்ஜென்டினாவை சிரிச்சின் இந்தியா எதிர்கொண்டது. பெங்களூரிலிருந்து வந்த இளம் விங்கர் பாபு மணிக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினா!

ஹெல்சிங்கியில் பத்து. மெல்போர்னில் நான்கு. கல்கத்தாவில் எத்தனை?

ஒன்று. கரேகா அடித்த ஒரே கோல். 0-1.

தோல்வி தோல்விதான். ஆனால் ஒரு கோச்சின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த எண்ணில் நிறையப் படிப்பார்கள். யூகோஸ்லாவியப் பள்ளி என்றால் பந்தை மிதித்துத் துரத்துவது கிடையாது. அதை வைத்திருப்பது, குறுகிய பாஸில் நகர்த்துவது, எதிராளியை ஓடவிட்டுக் களைக்க வைப்பது. ஐரோப்பாவின் பிரேசிலியர்கள் என்று அவர்களைச் சொன்னது சும்மா இல்லை. சுதீப் சாட்டர்ஜி, பிரசாந்த பானர்ஜி, கிருஷானு டே போன்ற கால்கள் அந்தக் காலத்து இந்தியாவில் இருந்தன. கிருஷானுவை வங்காளம் இந்திய மரடோனா என்று கொண்டாடியது. தொழில்நுட்பம் தெரிந்த கால்களுக்கு, தொழில்நுட்பத்தை நம்பும் ஒரு கோச் கிடைத்தார். இந்தியக் கால்பந்தின் வரலாற்றில் அப்படி அமைந்த தருணங்கள் குறைவு.

* * *

அக்டோபர் 1984. ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மறுபடியும் கல்கத்தா. தென் கொரியா, மலேசியா, பாகிஸ்தான், வட ஏமன், இந்தியா. ஐந்தில் இரண்டு அணிக்குத்தான் சிங்கப்பூர் டிக்கெட்.

இந்தியா கடைசியாக ஆசியக் கோப்பையில் ஆடியது 1964-இல். இஸ்ரேலில் நான்கு அணிகள் மட்டும் ஆடிய போட்டி அது; இரண்டாம் இடம் கிடைத்தது. அதன் பிறகு இருபது ஆண்டு, இறுதிச் சுற்றின் வாசலைக்கூட நாம் பார்க்கவில்லை. தகுதிச் சுற்றில் ஆடி, ஜெயித்து, உள்ளே போவது என்பது அந்தத் தலைமுறைக்குப் புதிய அனுபவம்.

பாகிஸ்தானை வென்றார்கள். புள்ளிப் பட்டியலில் தென் கொரியா முதலிடம். இரண்டாம் இடம் இந்தியா. கதவு திறந்தது.

திறந்த கையோடு நாடு இருண்டது. அக்டோபர் 31-இல் டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் தலைநகரில் சீக்கியர்களுக்கு நடந்ததை நான் இங்கே விவரிக்கவில்லை. எந்த இந்தியனாலும் மறக்க முடியாதது அது. டிசம்பர் 1-இல் சிங்கப்பூரில் ஆசியக் கோப்பை தொடங்கியது. டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு. டிசம்பர் கடைசியில் பொதுத் தேர்தல். நாளிதழ்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் சிங்கப்பூரின் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. நம்மில் பலருக்கு அந்தப் போட்டி நினைவில் இல்லாததற்கு அதுவே காரணம். அவர்கள் ஆடிய டிசம்பர் அப்படிப்பட்ட டிசம்பர்.

இந்தியாவின் பிரிவில் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், சீனா.

முதலில் போட்டியை நடத்தும் சிங்கப்பூர். கல்லாங்கில் இருந்த தேசிய ஸ்டேடியம், சொந்த அணிக்காகக் கத்தும் ஆயிரக்கணக்கான தொண்டைகள். 0-2. அடுத்து அமீரகம். மறுபடி 0-2. இரண்டு ஆட்டம், நான்கு கோல் வாங்கியாயிற்று, ஒன்றும் அடிக்கவில்லை. எதிரே இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒன்று ஈரான்.

1951-இல் நாம் வென்ற ஈரான் அல்ல இது. 1968, 1972, 1976 என்று தொடர்ந்து மூன்று முறை ஆசியக் கோப்பையை வென்ற நாடு. 1978 உலகக் கோப்பையில் ஆடிய நாடு. உள்நாட்டில் புரட்சி, எல்லையில் ஈராக்கோடு போர். அதற்கு நடுவிலும் ஆசியாவின் முன்வரிசையை விட்டு இறங்காத அணி. நான்கு கோல் வாங்கிய இந்தியா அந்த அணியிடம் எத்தனை வாங்கும் என்பதுதான் அன்று பலருடைய கேள்வியாக இருந்திருக்கும்.

தொண்ணூறு நிமிடம் முடிந்து விசில் ஊதியபோது பலகையில் இருந்தது 0-0.

இந்த ஈரான் அந்தப் பிரிவிலிருந்து அரையிறுதிக்குப் போனது. அங்கே சவுதி அரேபியாவிடம் பெனால்டியில்தான் தோற்றது. அந்த சவுதிதான் இறுதியில் சீனாவை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அப்படிப்பட்ட ஈரானால் சிரிச்சின் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல் அடிக்க முடியவில்லை. அர்ஜென்டினாவிடம் ஒன்று, ஈரானிடம் பூஜ்யம். பெல்கிரேடிலிருந்து வந்த பெரியவர் ஒரே ஆண்டில் நமக்குக் கற்றுக் கொடுத்தது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் சீனா 3-0 என்று வென்றது. நான்கு ஆட்டம், ஒரு டிரா, மூன்று தோல்வி, வாங்கிய கோல் ஏழு, அடித்த கோல் இல்லை. இந்தியா வீடு திரும்பியது.

அடித்த கோல் இல்லை என்பதை நான் மழுப்பப் போவதில்லை. பின்னால் பூட்டத் தெரிந்த அணிக்கு முன்னால் திறக்கத் தெரியவில்லை. ஒரு அணிக்குத் தற்காப்பை ஒரு முகாமில் சொல்லிக் கொடுக்கலாம். எங்கே நிற்க வேண்டும், எப்போது நெருங்க வேண்டும் என்பது ஒழுங்கு சார்ந்தது. கோல் அடிப்பது அப்படி வராது. பத்து வயதிலிருந்து பழக வேண்டும். ஒருவன் கால் இன்னொருவனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஆண்டுகள் வேண்டும். ரெட் ஸ்டாரில் சிரிச்சுக்கு மூன்று பருவம் கிடைத்தது, மூன்றில் இரண்டு பட்டம் வந்தது. இந்தியாவில் அவருக்குக் கிடைத்தது சுமார் ஓராண்டு.

1985-இல் அவர் பொறுப்பு முடிந்தது. அணி வேறு கைக்குப் போனது, பிறகு இன்னொரு கைக்கு. 1986-இல் சிரிச் காலமானார்.

இருபது ஆண்டு பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மனிதரை வைத்துக்கொண்டு நாம் எதையும் கட்டவில்லை. அவரைத் தவறாக நடத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு போட்டிக்கு ஒரு கோச், அது முடிந்ததும் அடுத்தவர் என்பதே அன்றைய வழக்கம். அந்த வழக்கம்தான் குற்றவாளி என்பேன். அவருக்குப் பின் ஹங்கேரியர் வந்தார், ரஷ்யப் பள்ளியில் பயின்றவர்கள் வந்தார்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். இந்தியா அடுத்து ஆசியக் கோப்பைக்குள் காலடி வைத்தது 2011-இல். கோச் பாப் ஹாட்டன். 2006-இலிருந்து அவரையே வைத்திருந்தார்கள். இடையில் போனது இருபத்தேழு ஆண்டுகள். கல்கத்தாவில் அர்ஜென்டினாவை எதிர்த்து முதல் ஆட்டம் ஆடிய பாபு மணி 2022-இல் அதே கொல்கத்தாவில் காலமானார். தன் ஆட்டக் காலம் முழுக்க இன்னொரு ஆசியக் கோப்பையை அவர் பார்க்கவில்லை.

* * *

சிரிச் போய் இருபத்து மூன்று ஆண்டு கழித்து, 2008-இல், இன்னொரு செர்பியர் இந்தியாவுக்கு வந்தார். இந்த முறை தேசிய அணிக்கு இல்லை, கல்கத்தாவுக்கும் இல்லை. கோவாவில் ஒரு குடும்பம் நடத்திய சர்ச்சில் பிரதர்ஸ் கிளப்புக்கு. வந்த முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2010 பிப்ரவரியில் அவர் டாக்காவில் இருந்தார். தெற்காசிய விளையாட்டின் இறுதியில் பங்களாதேஷ் ஆப்கானிஸ்தானை 4-0 என்று வென்று தங்கம் வாங்கியது. 2012 ஜூலையில், பிறந்து ஓராண்டே ஆன ஒரு நாட்டுக்கு முதல் சர்வதேச ஆட்டம். ஜூபா நகரம், எதிரணி உகாண்டா. தெற்கு சூடான் என்ற அந்தப் புதிய நாட்டின் கோச்சாக மைதான ஓரத்தில் நின்றவரும் இவரேதான்.

பெயர் சோரான் ஜோர்ஜெவிச். ஒரு மனிதர் கோவாவிலிருந்து டாக்காவுக்கும், அங்கிருந்து ஜூபாவுக்கும் எப்படிப் போனார்? அந்த முதல் ஆட்டத்தில் தெற்கு சூடான் என்ன செய்தது? அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். 1984 டிசம்பரில் கல்லாங் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து இந்தியாவும் ஈரானும் ஆடியதைப் பார்த்த சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் இருப்பார்கள். அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் நீங்கள் கண்டதை, உங்களிடம் நுழைவுச் சீட்டோ புகைப்படமோ இருந்தால் அதையும் சேர்த்து, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இந்தத் தொடரில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.